ஜனரஞ்சகமும் குடியரசும்

பொதுத்தேர்தல் ஒன்று நெருங்குந்தோறும் கற்றோர் உள்ளத்தில் ஓர் அச்சம் தலையெடுப்பது உலகெங்கும் காணப்படும் இயல்பாகும். மக்களை மயக்கும் கட்சி ஒன்று இம்முறை நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றிவிடுமோ, கைப்பற்றினால் சட்டமும் நீதியும் சிறுபான்மையோர் உரிமையும் என்னாகும் என்று விடுதியிலும் ஆசிரியர் அறையிலும் நம்மவர் வினவுவதைக் கேட்கின்றோம். இவ்வச்சம் எவ்வளவு நியாயமானது? எதற்கு நாம் அஞ்சவேண்டும்? எதற்கு அஞ்சவேண்டுவதில்லை? இவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்றுள்ள எந்தக் கட்சியையும் பெயர் சுட்டிப் பழிப்பது நம் கருத்தன்று. ஒவ்வொரு கட்சியாரும் மற்றவரையே இக்குற்றத்திற்கு உரியவராகக் காட்டுகின்றனர். ஆதலின், எவரையும் சோதித்தறியத்தக்க உரைகல் ஒன்றை மாணவர் கையில் கொடுப்பதே பயனுடையதாம்.

சொல்லும் பொருளும்

ஜனரஞ்சகம் என்னும் சொல் ஆதியில் இழிசொல் அன்று. குடிகளை மகிழ்விப்பவன் என்பதே ‘ராஜா’ என்னும் சொல்லின் பொருள் என வடநூலார் விளக்குவர். குடிகளின் பசியைத் தீர்த்து அவர்தம் உள்ளங் குளிரச் செய்வது நல்லரசின் கடமையே. ஆகவே, இலவசமாக ஒன்றைத் தருவதாகச் சொன்ன மாத்திரத்தில் ஒரு கட்சியை ஜனரஞ்சகக் கட்சி என்று இகழ்தல் பொருந்தாது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு அளிக்கும் ஏற்பாடு விரிவாகத் தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கியபோது, ‘இது வெறும் வாக்கு வேட்டை, கஜானா தாங்காது’ என்றவர் பலர். பின்னர் 2001-ஆம் ஆண்டில், நாடெங்கும் அரசினர் தொடக்கப்பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்கவேண்டும் என்று உச்சநீதிமன்றமே ஆணையிட்டது. நேற்று ஏளனம் செய்யப்பட்டது இன்று நாட்டின் நியதியாயிற்று.

அங்ஙனமாயின், இக்காலத்து அரசியல் நூலார் கண்டிக்கும் ஜனரஞ்சகம் யாது? அஃது ஒரு திட்டமன்று, ஒரு மனப்பான்மை. ஒருபுறம் மாசற்ற மக்கள், மறுபுறம் அவர்களை வஞ்சிக்கும் சிலர் என்று நாட்டை இரண்டாகப் பிளப்பதும், ‘அம்மக்களின் குரல் நாமே, நம்மை எதிர்ப்போர் மக்களுக்கே பகைவர்’ என்று கூறுவதுமே அதன் இலக்கணம். ஜெர்மானிய அறிஞர் யான்-வெர்னர் முல்லர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மக்களின் பிரதிநிதித்துவம் தமக்கு மட்டுமே உரியது என்று பாராட்டும் இவ்வுரிமையையே ஜனரஞ்சகத்தின் உயிர்நிலையாகக் கொண்டார். இவ்வெண்ணம் வேரூன்றினால், தோல்வி என்பதே ஒப்புக்கொள்ளத்தகாத ஒன்றாகிவிடும். மக்களே நாம் என்றால், மக்கள் நம்மை எங்ஙனம் தோற்கடிக்க இயலும்? அபாயம் பிறப்பது இவ்விடத்திலேயாம்.

திருப்போரூரை அறிந்த நம் மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். முருகப்பெருமான் அசுரரோடு விண்ணில் நின்று பொருத தலம் அஃது என்பது புராண மரபு. புராணப் போரில் ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். அசுரர் அழிந்தாலன்றிப் போர் முடியாது. தேர்தலோ அத்தகைய போரன்று. அங்கே இரு பக்கத்தும் நிற்போர் நம் அண்டை வீட்டாரே. தோற்றவர் உயிரோடும் உரிமையோடும் இருந்து மீண்டும் வந்து கேட்டற்குரியர். தேர்தலைத் தேவாசுர யுத்தமாக மாற்றுபவனே நாம் ஐயுறத்தக்கவன்.

இரண்டாவது கப்பல்

இவ்வச்சம் புதிதன்று. கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரில் கி.மு. 427-ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. தமக்கு எதிராகக் கிளர்ந்த மித்திலீன் நகரத்தின் ஆடவர் அனைவரையும் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குக என்று மக்கள் சபை தீர்மானித்தது. அத்தீர்மானத்தைத் தூண்டியவர்களுள் முதன்மையானவன் கிளியோன் என்னும் நாவன்மை படைத்த தலைவன். ஆணையைத் தாங்கிய கப்பலும் புறப்பட்டுவிட்டது. மறுநாள் மக்களுக்கு மனம் உறுத்தவே, சபை மீண்டும் கூடிற்று. தியோதோதஸ் என்பவன் எதிர்வாதம் செய்ய, சிறிய வாக்கு வேறுபாட்டில் முதல் நாள் தீர்மானம் மாற்றப்பட்டது. இரண்டாவது கப்பல் ஒன்று விரைந்து சென்று, தண்டனை நிறைவேறுமுன் மித்திலீனை அடைந்தது. கிளர்ச்சியை நடத்தியவரெனப்பட்ட ஆயிரவர்க்கு மேற்பட்டோர் பின்னர்க் கொல்லப்பட்டனர் எனினும், நகரத்து மக்கள் அனைவரும் அழியாமல் தப்பினர். இச்செய்தியைத் துசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார்.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? மக்கள் பிழை செய்யார் என்பதன்று, பிழை செய்வர். பிழையைத் திருத்திக்கொள்ள இரண்டாம் முறை கூடும் சபையும், எதிர்வாதம் செய்ய ஒரு தியோதோதஸும், அனுப்புதற்கு இரண்டாவது கப்பலும் இருந்தமையே அந்நகரைக் காத்தது. ஆகவே, நாம் அஞ்சத்தக்கது ஒரு கட்சியின் வெற்றியன்று. மீட்சியில்லாத வெற்றியே என்று துணியலாம்.

இரண்டாவது கப்பல் புறப்பட முடியாத நாட்டின் கதையை ஜெர்மனி காட்டும். 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையின்றி இருந்தனர். அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி நூற்றுக்கு 37 வாக்குகளும், நவம்பர்த் தேர்தலில் 33 வாக்குகளும் பெற்றது. இரண்டிலும் பெரும்பான்மை இல்லை. பின்னதில் ஆதரவு குறையவும் செய்தது. எனினும், அவனைத் தம் கைக்கருவியாக ஆட்டிவைக்கலாம் என்று கருதிய பாப்பன் முதலிய மேட்டுக்குடி அரசியல்வாதிகளின் சொற்கேட்டு, ஜனாதிபதி ஹிண்டன்பர்க் 1933 ஜனவரி 30-ஆம் நாள் அவனைப் பிரதம மந்திரியாக நியமித்தார். மார்ச்சு 23-ஆம் நாள், பாராளுமன்றத்தின் ஒப்புதலின்றியே சட்டமியற்றும் அதிகாரம் மந்திரி சபைக்கு வழங்கப்பட்டது. கம்யூனிஸ்டு உறுப்பினர் உள்ளே வரமுடியாதபடி விலக்கப்பட்டிருந்தனர். சமூக ஜனநாயகக் கட்சியார் ஒருவரே எதிர்த்து வாக்களித்தனர். அவ்வாண்டு ஜூலை மாதத்திற்குள் மற்றைக் கட்சிகள் யாவும் ஒழிந்தன. கோட்டையின் கதவைத் திறந்துவிட்டவர் பாமர வாக்காளர் மட்டுமல்லர். கற்றவரும் செல்வரும் பதவியாளருமே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மாவட்டம் கண்ட தேர்தல்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1967-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தார் பலர்க்கு இதனையொத்த கலக்கம் இருந்தது. நாடு விடுதலையடைந்தது முதல் ஆண்டுவந்த காங்கிரசை எதிர்த்து நின்றது திராவிட முன்னேற்றக் கழகம். நாடக மேடையும் திரைப்படமும் அடுக்குமொழிச் சொற்பொழிவும் அதன் படைக்கலங்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அதன் வாக்குறுதி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அது பின்னர் வரையறுக்கப்பட்டது. சில ஆண்டுகட்கு முன்வரை தனிநாடு கேட்ட கட்சி அது. 1963-ஆம் ஆண்டிலேயே அக்கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. ‘நாவலரும் நடிகரும் நாட்டை ஆள்வதா?’ என்று படித்தோர் பலர் திடுக்குற்றனர்.

அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டமே இப்போட்டியின் இரு முனைகளையும் தன்னகத்தே கொண்டிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் சி.என்.அண்ணாதுரை காஞ்சிபுரத்தார், 1962-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே தோல்வியுற்றவர். முதன்மந்திரியாய் இருந்த எம்.பக்தவத்சலம் இம்மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நின்றார். முடிவில் பக்தவத்சலம் தோற்றார், விருதுநகரில் காமராசரும் தோற்றார், அண்ணாதுரை முதன்மந்திரியானார். சட்டசபைக்கான வாக்குக் கணக்கை நோக்கின், காங்கிரசுக்கு நூற்றுக்கு 41-க்குச் சற்று மேலும், தி.மு.கழகத்திற்கு அதனினும் சிறிதே குறைவாகவும் கிடைத்தன. கழகம் குறைந்த தொகுதிகளில் நின்றமையும், இராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதலியவற்றோடு கூட்டுறவு கொண்டமையும் இடங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றிவிட்டன.

பின்னர் நிகழ்ந்தது யாது? அரிசி வாக்குறுதி நடைமுறைச் சோதனைக்கு வந்தது. ரூபாய்க்கு ஒரு படி என்பது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பொருட்செலவைத் தாங்க இயலாமையால் அதுவும் நிலைக்கவில்லை. நாடு பிரியவில்லை. தோற்ற காமராசர் சிறை செல்லவில்லை; 1969-ஆம் ஆண்டில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். வென்ற கட்சியும் 1977-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் தோற்றது. அஞ்சியவர் எதிர்பார்த்த பேரிடர் வரவில்லை. வாக்களித்தவர் எதிர்பார்த்த மூன்று படியும் வரவில்லை. வந்தது, வாக்கால் ஆட்சியை மாற்றலாம் என்னும் துணிவு. அரிசிப் பஞ்சமும் 1965-ஆம் ஆண்டின் மொழிக் கிளர்ச்சியும் மக்களின் மெய்யான குறைகள். அவற்றை வெறும் மயக்கம் என்று ஒதுக்கியவரே ஏமாந்தனர்.

மீட்சி நெருக்கடியுற்ற காலம்

ஆயின், அச்சம் எப்பொழுதும் பொய்யாகும் என்று நினைத்தலும் தவறு. 1971-ஆம் ஆண்டில் ‘வறுமையே வெளியேறு’ என்னும் முழக்கத்தோடு இந்திரா காந்தி அம்மையார் தேர்தலில் நின்று 352 இடங்களைப் பெற்றார். 1975 ஜூன் 12-ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லாதெனத் தீர்த்தது. அம்மாதம் 25-ஆம் நாள் இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர்; பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1976 ஜனவரி 31-ஆம் நாள் தமிழ்நாட்டு மந்திரிசபை நீக்கப்பட்டது. அவ்வாண்டே 42-ஆவது அரசியற்சட்டத் திருத்தத்தால் பாராளுமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டிலிருந்து ஆறாண்டாக்கப்பட்டது. தேர்தல் நாள் தள்ளிப்போவதே மீட்சியின் கதவு சாத்தப்படுவதன் முதல் அடையாளம் என்க.

விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் தம் சுதந்திரத்தை வேண்டி நீதிமன்றத்தை அணுகலாமா என்னும் வழக்கில், 1976-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் நால்வர் இயலாதென்றனர், எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டுரைத்தார். பணிமூப்பால் அவர்க்கு உரியதாயிருந்த தலைமை நீதிபதிப் பதவி 1977-ஆம் ஆண்டில் அவருக்கு அளிக்கப்படவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அதனை நிலைநிறுத்தும் மனிதர் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1977 மார்ச்சுத் தேர்தலில் வடநாட்டார் அம்மையாரின் ஆட்சியை அகற்றினர். தமிழ்நாட்டிலோ அவர் கட்சியின் கூட்டணியே பெரும்பாலான இடங்களில் வென்றது. ஒரே தேர்தலில் ஒரே நாட்டார் வேறுவேறாகத் தீர்ப்பளித்தனர். ‘மக்கள்’ என்னும் ஒற்றைக் குரல் எங்குமில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. 1978-ஆம் ஆண்டில் 44-ஆவது திருத்தம் பாராளுமன்றத்தின் ஆயுளை மீண்டும் ஐந்தாண்டாக்கிற்று. உள்நாட்டுக் குழப்பம் என்னும் தெளிவற்ற காரணத்தை நீக்கி, ஆயுதக் கிளர்ச்சி இருந்தாலன்றி அக்காரணத்தால் நெருக்கடிநிலை கூடாதென வரையறுத்தது. 1980-ஆம் ஆண்டில் அம்மையாரும் வாக்கு வழியே திரும்பி வந்தார். கதவு இருபுறமும் திறக்கும் வகையில் செப்பனிடப்பட்டது.

கல்லில் எழுதிய கட்டுப்பாடு

வெல்பவர் யாவரேனும் அவரைக் கட்டுப்படுத்தும் வரம்பு வேண்டும் என்னும் இவ்வுண்மையை நம் நிலப்பகுதியார் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒருவகையில் உணர்ந்திருந்தனர். செங்கற்பட்டுக்கு மேற்கே உள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகட்குரியன, குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன இவ்வாறு அமைந்தன. வாரியத்தார் பதவி 360 நாளோடு முடிந்தது. அணித்தாக மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடத்திற்கு அயலாராயினர். பதவியிலிருக்கையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கப்பட்டனர்.

இதனைப் போற்றுங்கால் உண்மையையும் மறைத்தலாகாது. அச்சபை அந்தணர் சபை. நிலமும் மனையும் மறைநூற் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. உழுது நெல் விளைத்தோரும் பெண்டிரும் அதில் புகவில்லை. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டு முதல் திருப்போரூரும் உத்தரமேரூரும் காஞ்சிபுரம் என்னும் ஒரே பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியுள்ளன. அத்தொகுதி பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டது. அன்று குடத்திற்குப் புறம்பாக நின்றவரின் வழித்தோன்றல்களே இன்று அப்பகுதிக்குப் பிரதிநிதியாகின்றனர். கோவளத்து உப்பளத் தொழிலாளியும், மாமல்லபுரத்துக் கல்தச்சரும், கடற்கரை மீனவரும், இருளரும் துணைவேந்தரோடு ஒத்த ஒரு வாக்குடையர். பழங்கல்வெட்டின் வரம்பும் இக்காலத்தின் விரிவும் ஒருங்கே வேண்டும். வரம்பில்லா விரிவு வெள்ளமாகும். விரிவில்லா வரம்பு சிலரது வேலியாகும்.

படிப்பில்லாதவர்க்கு வாக்கு எதற்கு என்று பேசுவோர் இன்றும் நம்மிடையே உளர். 1951-52-ஆம் ஆண்டுகளின் முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். அவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதார். சின்னங்களைப் பார்த்து, ஒவ்வோர் அபேட்சகர்க்கும் தனித்தனியே வைத்த பெட்டியில் அவர்கள் சீட்டிட்டனர். அம்முயற்சி நாட்டைச் சிதைக்கும் என்று சொன்னவர் சொல் பொய்த்தது. ஏழை வாக்காளரை இகழும் கற்றோனே ஜனரஞ்சகனுக்குச் சிறந்த பிரசாரகன். ‘உங்களை அவர்கள் மதிப்பதில்லை’ என்று அவன் சொல்லும்போது, அது மெய்யாகவும் இருந்துவிட்டால் அவனை யார் மறுக்க வல்லார்?

செய்யத்தக்கன

எனின், நாம் செய்யக்கடவது யாது? முதலாவது, அச்சத்தை வினாவாக மாற்றுதல் வேண்டும். எக்கட்சியார் வந்து வாக்குக் கேட்பினும் நான்கு வினாக்களைக் கேட்கலாம். நீவிர் தருவதாகச் சொல்வதற்குப் பொருள் எங்கிருந்து வரும்? உம்மை எதிர்ப்போரை எதிராளி என்பீரோ, துரோகி என்பீரோ? நீதிமன்றமும் தேர்தல் ஆணையமும் தணிக்கை அதிகாரியும் பத்திரிகையும் உமக்கு மாறாகச் சொன்னால் ஏற்பீரோ? அடுத்த தேர்தலில் தோற்றால் அமைதியாக இறங்குவீரோ? இவ்வினாக்கட்கு நாம் விரும்பும் கட்சியையும் உட்படுத்துவதே நேர்மை. நம் கட்சிக்காரன் செய்தால் திறமை, பிறன் செய்தால் கொடுங்கோன்மை என்று கொள்வோமாயின், உரைகல்லை நாமே உடைத்தவராவோம்.

இரண்டாவது, வழிபாட்டை அரசியலினின்றும் விலக்குதல் வேண்டும். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், சமயத்தில் பக்தி ஆன்மாவுக்கு வழிகாட்டலாம், அரசியலிலோ அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்திற்கும் வழியாகும் என்று எச்சரித்தார். இடித்துரைப்பாரின் இன்றியமையாமையைத் திருவள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தியதும் இக்கருத்துப் பற்றியே.

மூன்றாவது, சிறியோர் உரிமையைப் பெரியோர் வாக்குக்குப் புறத்தே வைத்துள்ள அரசியற்சட்டப் பகுதிகளைக் கற்றல் வேண்டும். நம்முடையது போன்ற கல்லூரிகள் நிலைபெறுதற்கு அரணாயுள்ளது 30-ஆவது பிரிவு. நம் உரிமைக்கு மட்டும் அதனைக் கையாண்டு, பிறர் உரிமை பறிபோகும்போது வாளாவிருப்பது அறமும் அன்று; அறிவும் அன்று. 1973-ஆம் ஆண்டில் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியற்சட்டத்தின் அடிப்படை அமைப்பைப் பாராளுமன்றமும் மாற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பு ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் ஆறு நீதிபதிகள் மறுபுறமுமாக நின்று அமைந்தது. அரண் எவ்வளவு மெல்லியது என்பதையும் மாணவர் அறிக.

நான்காவது, பயிற்சியை ஊரிலிருந்தே தொடங்குதல் வேண்டும். வாக்குரிமை வயது 1989-ஆம் ஆண்டில் 21-இலிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே நம் மாணவர் பெரும்பாலோர் வாக்காளரே. திருப்போரூரைச் சூழ்ந்த ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவன் அங்குச் சென்று, ஏரி தூர் வாரிய கணக்கையும் குடிநீர்ச் செலவுக் கணக்கையும் பணிவோடு கேட்பானாக. உத்தரமேரூர் வாரியத்தார்க்கு விதித்த சோதனை அதுவே. ஊராட்சிக் கணக்கைக் கேட்கப் பழகியவன் நாட்டின் கணக்கையும் கேட்பான். கேள்வி கேட்டுப் பழகாத குடிகளே கவர்ச்சி மொழிக்கு எளிதில் இரையாவர்.

முடிவாக ஒன்று கூறுவோம். அடுத்த தேர்தலில் வெல்வது நாம் விரும்பாத கட்சியாயினும், அதன் வெற்றியை ஒப்புக்கொள்ளுதல் நம் கடன். அதன் ஆட்சியைக் கண்காணித்தலும் நம் கடன். அடுத்த தேர்தல் உரிய நாளில், நேர்மையாக நடைபெறச் செய்தல் எல்லாக் கடனிலும் தலையாயது. தீர்ப்பை மறுநாள் மாற்றவல்ல சபையும் மாற்றுரை கூறும் நாவும் உள்ளளவும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. அவை குறையத் தொடங்கும் நாளில், ஆளுங்கட்சி நம் கட்சியேயாயினும், அச்சம் கொள்வதே அறிவுடைமையாகும்.